எல்லையில் விட்ட கறிவேப்பிலை

காய்ந்த தேங்காய்ப்பூவில் வெந்நீர் தெளித்தால் ஒரு வாசம் வருமே... அதோடு கேஸ் அடுப்பின் வாடையும் மூக்கில் ஏறிய செம்மண் தூசியும் சேர்ந்தால் எனக்கு ஒரே ஒரு இடம்தான் ஞாபகம் வரும். ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டார்வினிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில், ஆள் உயரக் கரையான் புற்றுகளுக்கு நடுவே ஒரு கேம்ப்சைட்.

அந்த வாசத்துக்குச் சொந்தக்காரி வதனி. சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீடு. யாழ்ப்பாணத்துக்காரி. மதுரையிலிருந்து நாங்கள் வந்து இறங்கிய புதிதில் நாற்காலி, மேசை முதற்கொண்டு கொடுத்து உதவியவள். தங்கமான மனுஷி.

அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்திருந்தால் பொறாமைப்படுவது எவ்வளவு சுலபம்!

பதினான்கு வருடம் ஆகிறது. ஜூலை ஸ்கூல் லீவில் இரண்டு குடும்பமும் டார்வினுக்குப் பறந்து, ஆளுக்கொரு பெரிய வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எங்கள் வண்டியில் நான், என் கணவர், எட்டு வயது மகள் யாழினி. அவர்கள் வண்டியில் வதனி, குகன் அண்ணா, ஹெட்போனைக் கழற்றாத இரண்டு பையன்கள்.

கேத்தரின் என்ற ஊரைத் தாண்டுவதற்குள் யாழினி அவர்கள் வண்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டாள்.

நான் பின்னால் வரும் வண்டியில் உட்கார்ந்து, தூசிக்குள் தெரியும் அவளுடைய ரெட்டை ஜடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்க வேண்டிய மலையும் ஆறும் அப்படியே கடந்து போயின.

சாப்பாடு இன்னும் மோசம். சிட்னி ஹரிஸ் பார்க் இந்தியக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய புளியோதரை மிக்ஸைக் கிளறித் தட்டை நீட்டினால் மகாராணி மூக்கைப் பொத்துவாள். வதனியோ சோற்றில் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் போட்டுக் குழைத்து, உருட்டி, கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுவாள்.

"வா செல்லம், அன்ரி குழைச்சுத் தாறன். ஆ காட்டு!"

வீட்டில் ஒரு தோசையை ஒரு மணி நேரம் மெல்லுகிறவள், அங்கே ஆறு உருண்டை சாப்பிட்டாள். ஆறு! நானே எண்ணினேன்.

"பிள்ளைக்கு என்ர கை ருசி பிடிச்சிட்டுது போல" என்று வதனி சிரித்தாள்.

"ஆமா வதனி, நீயே வச்சுக்கோ" என்று நானும் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது.

ருசிக்குக் காரணம் கறிவேப்பிலை என்பாள். டார்வின் ஞாயிறு சந்தையில் ஒரு கட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, பால்பவுடர் வந்த பழைய பால்மா டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் ஒரு செக் பாயிண்ட் உண்டு. பூச்சி பரவும் என்று பழம், காய்கறி, செடி எதையும் உள்ளே விட மாட்டார்கள். வதனிக்கும் தெரியும். முந்தின நாளே மிச்சமிருந்த காய்களையெல்லாம் சமைத்துத் தீர்த்திருந்தாள். அதிகாரி கேட்டதும் "நோ, நத்திங்" என்றாள், பளிச்சென்று.

அவள் பொய் சொல்லவில்லை. நம் ஆட்கள் கறிவேப்பிலையை என்றைக்குக் காய்கறியில் சேர்த்திருக்கிறோம்? உப்பு மாதிரி, கூடவே இருப்பது. அது இருப்பதே ஞாபகம் வராது.

நான் அவர்கள் வண்டியின் பின்பக்கம், கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு அதிகாரியின் பக்கத்தில் நின்றேன். "வதனி, கறிவேப்பிலை!" என்று தமிழில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அவளே ஓடி வந்து எடுத்துக் கொடுத்திருப்பாள்.

நான் குரல் கொடுக்கவில்லை. அந்த அதிகாரி அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பால்மா டின்னை விரலால் காட்டினேன்.

"ஐயோ, உதை நான் மறந்தே போனன்! சொறி... சொறி..." வதனி கெஞ்சிக்கொண்டே ஓடி வந்தாள். அவர்கள் அவளைக் கண்டித்துவிட்டு, கறிவேப்பிலைக் கட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். குகன் அண்ணா எல்லார் முன்னிலும், "உமக்கு எத்தினை தரம் சொன்னனான்?" என்று சத்தம் போட்டார். வதனியின் முகம் சுண்டிப்போனது. யார் காட்டியது என்று அவளுக்குத் தெரியாது.

அடுத்த நிமிடம் யாழினி அவர்கள் வண்டியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள்.

"அம்மா, நான் நம்ம கார்லயே வர்றேன்."

ஜெயித்துவிட்டேன்! அந்த எல்லையைத் தாண்டினால் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரமும் எனக்கே எனக்கு என்று கொடுத்த மாதிரி இருந்தது. குழந்தை வழியெல்லாம் பேசவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

இப்போது அவளுக்கு இருபத்திரண்டு. போன வாரம் யுனிவர்சிட்டி தோழிகளோடு அதே ரோட்டில் போனாள், அவளே வண்டி ஓட்டிக்கொண்டு. வதனி வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"உம்மட மகள் கேம்ப்பில இருந்து வீடியோ கோல் எடுத்தவள்! சம்பல் எப்படிச் செய்யிறதெண்டு கேக்கிறாள்!"

பழைய நெருப்பு, அதே வயிறு. உள்ளே வந்து யாழினிக்கு போன் போட்டேன்.

"அங்க போயும் உனக்கு வதனி அன்ரிதானா?"



"அம்மா... நாளைக்கு பார்டர் கிராஸ் பண்றோம். கறிவேப்பிலைய நானே எடுத்துக் குடுத்துடுவேன். யாரும் காட்டிக் குடுக்க வேண்டாம்."



"நீ... பாத்தியா?"

"பேக் சீட்லதானேம்மா இருந்தேன். அதான் நம்ம காருக்கு வந்துட்டேன். அன்ரிகூட இருந்தா வாய் தவறிச் சொல்லிடுவேனோன்னு பயம். இன்னி வரைக்கும் சொல்லல."

அன்று அவளுக்குப் பிடித்த இடத்திலிருந்து எழுந்து வந்தது எனக்காக. நான் அதை வெற்றி என்று இத்தனை வருடம் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வதனி, இதை நீயும் படிப்பாய். அந்த டின்னைக் காட்டியது நான்தான். திட்டுவதானால் வேலிப்பக்கம் வந்து நன்றாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை யாழினி வருகிறாள். சோறு நீயே குழை, உன் கை ருசி எனக்கு வராது...

முதல் வாய் மட்டும் அவளுக்கு நான் ஊட்டுகிறேன்.