பொட்டு வைத்த எறும்பு

எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போ நகரத்துக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். தோட்டத்தில் மரத்திலிருந்து இறக்கிய அதே ரப்பர் பால்தான் அங்கே பெரிய தொட்டியில் நிற்கும். பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக வந்து, பாலில் முங்கி எழுந்து, சூட்டில் காய்ந்து எங்களிடம் வரும். காய்ந்ததை உருவிப் போடுவது எங்கள் வேலை. ஒரு நாள் சங்கிலி எங்கேயோ சிக்கி எல்லாம் நின்றுவிட்டது. பீங்கான் கைகள் விரல்கள் கீழே தொங்க அப்படியே நின்றன. நாங்களும் நின்றோம்.

புது சூப்பர்வைசர் ஓடி வந்தான். நம் தமிழ்ப் பையன்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, சிலிபின் வட்டாரத்திலேயே இருப்பவன்.

"என்னாண்ணே, மெஷினு நின்னா நீங்களும் நின்னுருவீங்களா? தரையக் கூட்டலாம்லா, பெட்டிய அடுக்கலாம்லா. எறும்பப் பாருங்க. ஒரு நிமிசம் சும்மா நிக்குதா?"

நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினேன். எறும்பு சும்மா நிற்கும் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி உட்கார்ந்து பார்த்துச் சொன்னது அது. ஆனால் அதை அந்தப் பையனிடம் சொன்னால், அவள் ஏன் காட்டில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்பான். அதையும் சொல்ல வேண்டிவரும். பேசாமல் கூட்டினேன்.

இங்கே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் இறக்குவதைத்தான் வெட்டுவது என்போம். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு போனது, பயம் மட்டும் கூடவே வந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும்தான். கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பு அணைந்ததா என்று பாதி வழியில் சந்தேகம் வரும். பால்மரம் வெட்டுகிறவனுக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை மழை. வெட்டி முடித்த பிறகு மழை கொட்டினால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இருக்கிற பாலெல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

மரம் வெட்டி முடித்ததும் பால் சொட்டி இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். தூக்குச்சட்டியைத் திறப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். மரம் கொடுக்கிற ஓய்வு அது. வெள்ளைக்காரத் துரை காலத்திலும் அதை யாராலும் பிடுங்க முடியவில்லை. எனக்கு மட்டும் உட்கார வராது. வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். ஒருமுறை மேற்கே கறுத்ததைப் பார்த்து, "மழை! மழை!" என்று கத்தி, பால் இறங்கி முடியும் முன்னே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்து அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஓடி மங்குகளை வாளியில் கவிழ்த்தார்கள். மழை வரவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. காலியான மங்குகளில் பால் மதியம்வரை சொட்டிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு பக்கத்து நிரையில் வெட்டும் அக்கா என்னை விடவில்லை. "இந்தா வந்துட்டாரு, வானத்துக்கு மண்டோரு. தம்பி, இன்னைக்கு மழை எத்தனை மணிக்குலா? சொன்னீங்கன்னா துணி காயப்போட வசதியா இருக்கும்."

மண்டோர் என்றால் எங்களை வேலை வாங்குகிற கங்காணி. நிரை என்பது ஒரு ஆளுக்கு ஒதுக்கிய மரங்கள். என் நிரை மேட்டில் இருந்தது. ஏறி இறங்கியே முட்டி தேயும். என் மனைவியின் நிரை சமதரை. சாலையை ஒட்டி, ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மாக்கள் வேலைக்கு வரும்போது பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிற கொட்டகை. சமதரை நிரைக்கு எல்லாருக்கும் ஆசை. அவளுக்கு அதற்கு மேலேயும் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளை பிறந்தால், பால் இறங்குகிற நேரத்தில் நாலு மரம் தாண்டிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.

அதற்கு முன் இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது உண்டானதும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சொல்லிவிட்டார். குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, மேடு ஏறக் கூடாது. முடிந்தால் படுத்தே இருக்க வேண்டும்.

"படுத்துக் கிடக்க யாரு லீவு குடுப்பா?" என்றாள் அக்கா. "பெத்ததுக்கு அப்புறந்தான் லீவு. வயித்துல தங்கறதுக்கு லீவு கெடையாது."

விஷயம் அதுதான். விடியும் முன் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது தொடர்ந்து ஆள் இல்லை என்றால் நிரை இன்னொருவர் கைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது மேட்டு நிரைதான் கிடைக்கும். கைப்பிள்ளையோடு மேட்டில் ஏறி இறங்கி, கொட்டகைக்கு ஓடி வந்து பால் கொடுப்பது நடக்கிற காரியமில்லை.

நான் மண்டோரிடம் போய் நின்றேன். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று முந்தின நாளெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

"ரெண்டு நிரையையும் நானே வெட்டறேன்யா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உம் பொண்டாட்டி பெரட்டுக்கு வரணும். பேரு கூப்பிட்டா வாயத் தொறக்கணும். அதுக்கப்புறம் யாரு வெட்டுறா, யாரு உக்காந்திருக்கான்னு நான் ஒவ்வொரு மரமா வந்து பாக்க முடியுமாலா? ஆனா ஒண்ணு. வெயில் ஏறி வெட்டுனா பால் கொறையும். கொறஞ்சா நான் கேப்பேன்."

அதனால் அவள் வந்தாள். விடியும் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வருவாள். மண்டோர் பெயரைக் கூப்பிட்டதும், "இருக்கேன்" என்பாள். பிறகு தன் நிரையில், விழுந்து கிடந்த ஒரு பழைய மரத்தின் மேல் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வாள். நான் அவள் நிரையை வெட்டிவிட்டு மேட்டுக்கு ஓடுவேன். என் நிரையை முடித்துவிட்டு இறங்கி ஓடி வருவேன். பால் எடுக்கும்போதும் அப்படித்தான். ஓடும்போது கவலைப்பட நேரம் இருக்காது என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. ஓடிக்கொண்டே கவலைப்பட முடியும்.

அவள் உட்கார்ந்திருந்த மரத்தின் அடியில் எறும்புப் புற்று இருந்தது. கறுப்பு எறும்பு, கடிக்காத ஜாதி. முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், நான் மேட்டிலிருந்து இறங்கி வந்ததும், "ஏங்க, ஒரு சொட்டுப் பால் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"பொட்டு வைக்க."

"எறும்புக்கா?"

"பின்ன, உங்களுக்கா?"

மங்கில் புல் நுனியைத் தொட்டு, எறும்பின் முதுகில் வெள்ளையாக ஒரு புள்ளி வைத்தாள். சிலது கால் ஒட்டிச் செத்தது. பிறகு கை பழகிவிட்டது. நான் ஓடி ஓடி வரும்போதெல்லாம் ஒரு சேதி வைத்திருப்பாள்.

"அதோ பாருங்க, அந்தப் பொட்டுக்காரன். நீங்க மேட்டுக்குப் போகும்போது அங்கதான் நின்னான். இப்பவும் அங்கதான் நிக்கிறான். மீசையத் தடவிக்கிட்டு."

"வேற எறும்பா இருக்கும்."

"நான் வச்ச பொட்டு எனக்குத் தெரியாதா? நல்லா பாத்துட்டேங்க. பாதிக்கு மேல வேலைக்கே போவல. கூட்டமா பாத்தா எல்லாம் ஓடுற மாதிரி இருக்கு. ஓடறது அதே ஆளுங்கதான். மிச்சமெல்லாம் வாசல்ல நிக்குது."

எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. "நிக்கிறத மத்தது ஒண்ணும் செய்யாதா? கடிக்காதா?"

"ஒண்ணும் சொல்லக் காணோம். பேரு கூப்பிடற எறும்பு கெடையாது போல."

அக்கா வாளியோடு அந்தப் பக்கம் வந்தவள் சிரித்தாள். "எனக்கு அங்க ஒரு வேல பாத்துக் குடு, அம்மாடி. வாசல்ல நிக்கிற வேல."

"ஓடிக்கிட்டே இருக்கறதும் ஒண்ணு இருக்கு" என்றாள் என் மனைவி. "தன்னைவிடப் பெரிய சோத்துப் பருக்கைய இழுத்துக்கிட்டு, விட்டுட்டு, திரும்ப ஓடி, திரும்ப இழுத்துக்கிட்டு. அதுக்கு உங்க பேர வச்சிருக்கேன்."

"அது எங்க இப்ப?"

"நேத்துலேர்ந்து காணோம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் குனிந்து புற்றைச் சுற்றித் தேடினேன். வாளியில் பால் நிற்கிறது, பால் ஏற்றுகிற லாரி வந்துவிடும், நான் ஒரு எறும்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க. எங்கயாச்சும் படுத்து ரெஸ்ட் எடுக்கும். நீங்களும்தான் ஒரு நாள் எடுக்கறது?"

வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இதற்கு முன்னால் அதுவரை வந்ததில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆயாக் கொட்டகைக்கு எத்தனை மரம் என்று அவளும் பார்த்துக்கொள்வாள், நானும் பார்த்துக்கொள்வேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. ஒரு நாள் விடியற்காலையிலிருந்தே கொட்டியது. மரம் நனைந்தால் வெட்ட முடியாது. அன்று பெரட்டு இல்லை. தோட்டமே போர்த்திக்கொண்டு கிடந்தது. நான் கூரை ஒழுகுகிற இடத்தில் பானையை வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாயில் படுத்திருந்தாள். குனியவில்லை, தூக்கவில்லை, ஏறவில்லை. சும்மா படுத்திருந்தாள். படுத்திருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

பால் ஏற்றுகிற லாரியில் சாக்கு விரித்து, அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் கொண்டுபோகும்போதே ஒன்றும் மிச்சமில்லை. ஆண் பிள்ளை என்றார்கள். அவளைச் சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனேன். கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கவில்லை என்பது படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எழுந்து போகத் தோன்றவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. பெரட்டுக்குப் போய் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. லாரி போனது எல்லாருக்கும் தெரியும். மண்டோர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பெயர் கூப்பிட்டார். என் பெயருக்கு நான் பதில் சொன்னேன். அடுத்து, எப்போதும் போல அவள் பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், நிறுத்திவிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.

நான்தான் சொன்னேன். அவள் சொல்கிற மாதிரியே, கடைசியில் கொஞ்சம் இழுத்து. ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நிரை போய்விடும் என்கிற பயம்தான் அவ்வளவு நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. எதற்காக அந்த நிரையோ, அது போன பிறகும் பயம் நிற்கவில்லை போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. மண்டோர் விளக்கைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். பிறகு விளக்கை இறக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அக்கா மட்டும் பக்கத்தில் வந்து, "போய் வெட்டு, தம்பி" என்றாள்.

இரண்டு நிரையையும் வெட்டினேன். அவள் திரும்பி வரும்வரை தினமும் அதேபோலப் பதில் சொன்னேன், அதேபோல வெட்டினேன். வானத்தைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"நிரை இருக்கா?"

"இருக்கு."

தலையை ஆட்டினாள். உடம்பு தேறியதும் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அவள் நிரையை அவளே வெட்டினாள். குனிந்தாள், வாளி தூக்கினாள். இப்போது அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

அன்று என் மேட்டு நிரையை முடித்துவிட்டு, பால் இறங்குகிற நேரத்தில் அவளிடம் வந்தேன். நடக்காமல், வானத்தைப் பார்க்காமல், அந்த விழுந்த மரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த நேரத்தில் நான் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சாக்கை என் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டாள். மழையில் புற்று கரைந்து, எறும்புகள் வேறு பக்கம் புதிதாகக் கட்டியிருந்தன. பொட்டு வைத்தது ஒன்றுகூட இல்லை.

"பால் வேணுமா?" என்றேன். புல் ஒன்றைக் கிள்ளி வைத்திருந்தேன்.

"வேணாம்" என்றாள். "எது ஓடுது, எது நிக்குதுன்னு இப்பப் பாத்தாலே தெரியுது."

ஆயாக் கொட்டகையில் ஒரு பிள்ளை அழுதது. சாலைக்கு அந்தப் பக்கத்து நிரைப் பெண் ஒருத்தி வாளியை அப்படியே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். எங்கள் நிரை வழியாகப் போனால்தான் அவளுக்குக் கிட்ட. எங்களைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். சுற்றிப் போவதா என்று யோசித்தாள்.

"வா, வா. பிள்ள அழுவுது பாரு" என்றாள் என் மனைவி.

நாங்கள் இரண்டு பேரும் காலை மடக்கிக்கொண்டோம். அவள் தாண்டிப் போனாள். எறும்பு வரிசையை மிதித்துவிட்டாளா என்று குனிந்து பார்த்தேன். மிதிக்கவில்லை. சிலது ஓடிக்கொண்டிருந்தது. நிறைய நின்றுகொண்டிருந்தது.