விரலுக்கு இரண்டாயிரம்

பெர்மின் பாக்கா, எலோய் செடியோவுக்கு நாலாயிரம் டாலர் கடன்பட்டிருந்தான். விரலுக்கு இரண்டாயிரம் வீதம் இரண்டு விரலுக்கு. கைநீட்டி வாங்கிய கடனில்லை, வாயால் சொன்ன கடன். எழுத்து கிடையாது. ஆனால் ஆல்புகெர்க்கி நகரத்தின் தென் பள்ளத்தாக்கில், இஸ்லெட்டா சாலையில் கார் வைத்திருக்கிறவன் எவனைக் கேட்டாலும் அந்தக் கணக்கைச் சொல்வான். பதினேழு வருடமாக அது அப்படியே கிடந்தது.

எலோய் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கும் செய்தித்தாளை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஆனால் ஒரு கார் தெருமுனையில் திரும்பும்போதே, அதன் எந்த மூலை எவ்வளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று சொல்லிவிடுவான். படித்துவிட்டு வந்தவர்கள் டேப்பை வைத்துக் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவன் சொன்னதையேதான் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

அந்தக் காலத்தில் அவனுக்குப் பெர்மினின் பட்டறையில் வேலை. காரைத் தாழ்த்துவதுதான் அங்கே தொழில். கம்பெனிக்காரன் ஊருக்கெல்லாம் பொதுவாக ஓர் உயரத்தில் காரைச் செய்து அனுப்பிவிடுகிறான். எங்கள் ஆட்களுக்கு அது ஆகாது. கார் தரையை முகர்ந்துகொண்டு போக வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்தாற்போல் நுழைய வேண்டும். மூன்றாவது விரலும் நுழைந்தால் அந்தக் கார்க்காரன் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் கார்களை வரிசையாக நிறுத்தியதும் எவனாவது வந்து இரண்டு விரலை விட்டுப் பார்ப்பான். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

காரைத் தாழ்த்தச் சக்கரத்து ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும்; அதை நெருக்கிப் பிடிக்கிற கருவி ஒன்று உண்டு. பெர்மின் அதைச் சந்தையில் பழசாகப் பன்னிரண்டு டாலருக்கு வாங்கியிருந்தான்.

"அண்ணே, இதுல மரை தேஞ்சு போச்சு. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க" என்று எலோய் இரண்டு தடவை சொன்னான்.

"உன் பல்லுந்தான் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கியா மாட்டிக்கிட்ட? வேலையப் பாருடா."

மூன்றாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரை வழுக்கியது, ஸ்பிரிங் துள்ளியது. எலோயின் வலக்கையில் அளவு பார்க்கிற அந்த இரண்டு விரல்கள்தான் போயின. பெர்மினின் நாய் வந்து தரையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பெர்மின் வண்டியை ஓட்டிக்கொண்டே பேசினான். "வீட்டுல கோழிக்கூண்டுக்குக் கம்பி வெட்டும்போது ஆச்சுன்னு சொல்லிடு. பட்டறைன்னு சொன்னா, இன்சூரன்ஸ் இல்லாம ஆள் வச்சிருக்கேன்னு என்னைய இழுத்து மூடிருவாங்க. விரலுக்கு ரெண்டாயிரம் நான் தர்றேன். எங்கம்மா மேல சத்தியம்டா."

எலோய் கோழிக்கூண்டு என்றே சொன்னான். அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அவன் இடக்கையால் போட்டான். ஆஸ்பத்திரிச் செலவும் அவன் தலையிலேயே விழுந்தது.

முதல் மாதம் கேட்டபோது "அடுத்த மாசம்" என்றான் பெர்மின். அடுத்த மாதம் "உடம்பு சரியில்லை" என்றான். மூன்றாவது மாதம் பட்டறையில் எல்லார் முன்னிலையிலும் சிரித்தான்.

"கோழிக்கூண்டுன்னு நீதானடா கையெழுத்துப் போட்ட? போயி உங்க வீட்டுக் கோழிகிட்ட கேளு!"

அத்தோடு வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு எலோய்க்கு ஊரில் பெயரே 'மூணு' என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெர்மின் பீர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கத்துவான்: "டேய் மூணு! இங்க வா, வந்து இந்த வண்டிக்கு அளவு பாரு!" கூட்டம் முழுக்கச் சிரிக்கும். முதல் வாரம் எலோயும் சேர்ந்து சிரித்தான். இரண்டாவது வாரத்திலிருந்து சிரிக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போகாமல் இருக்கவில்லை.

உடைந்த சுத்தியல் பிடி ஒன்றை எடுத்து, இடக்கையின் இரண்டு விரல் கனத்துக்குச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, கடனுக்கு ஒரு ஜாக்கி. மூன்று விரலால் போல்ட் முறுக்கப் பழகுவதற்கு ஒரு குளிர்காலம் பிடித்தது. இன்றைக்கு அந்த இடத்தில் நாலு லிஃப்ட், மூன்று ஆட்கள். டென்வரிலிருந்தும் எல் பாசோவிலிருந்தும் கார்கள் வந்து தெருவில் காத்துக் கிடக்கின்றன. யாரும் தூக்கிவிடவில்லை. பாங்கிக்காரன் அவன் கையைப் பார்த்துவிட்டே கடன் இல்லை என்றான். பிற்பாடு அந்தப் பாங்கிக்காரனின் மருமகன் காரைத் தாழ்த்த வந்தபோது, எலோய் அவனைப் பதினோரு வாரம் அலையவிட்டான்.

பெர்மினை மட்டும் அவன் தேடிப் போய்க் கேட்கவில்லை. அவனே வரவேண்டும், வந்து கையில் வைக்க வேண்டும் என்று இருந்தான். அந்த ஒன்றுக்காகத்தான் பதினேழு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான் என்றாலும் பொய்யில்லை.

இந்த வசந்தத்தில் பெர்மின் வரவில்லை, அவன் மகன் லொரென்சோ வந்தான். இருபத்தாறு வயது, கூரை வேய்கிற வேலை. வாசலில் அவனுடைய சேலஞ்சர் கார் உறுமிக்கொண்டு நின்றது. எலோய் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். கம்பெனி ஒட்டியிருந்த பட்டையெல்லாம் உரித்தெடுத்து, காய்ந்த திராட்சை நிறத்தில் புதுசாகப் பெயிண்ட். இருக்கைகளில் அதே நிற நூலில் தையல். முன்னிருக்கைக்கு எதிரே சாமான் வைக்கிற சின்னப் பெட்டியின் மூடியில், முடிக் கனத்துக் கோட்டில் கையால் எழுதிய பெயர்: மகளுடையது, பிறந்து நாலு மாதம். இரண்டு வருடச் சம்பளம் அந்தக் காரில் இருந்தது. ஆனால் கார் மட்டும் கம்பெனி உயரத்திலேயே நின்றது, மாப்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அரைக்கால்சட்டையோடு நிற்கிறவன் மாதிரி. பின்பெட்டியில் நாலு அட்டைப்பெட்டிகளில் காற்றுப் பைகள் இருந்தன. ஸ்பிரிங்குக்குப் பதிலாக அவற்றைப் போட்டால், காற்றை விட்டதும் கார் வயிறு தரையில் படிய இறங்கும். எங்கள் பக்கத்தில் அதை மண்டி போடுவது என்போம். ஞானஸ்நானமோ கல்யாணமோ சாவோ, தேவாலய வாசலில் கார் மண்டி போட வேண்டும்.

"பாப்பாவோட ஞானஸ்நானத்துக்கு வண்டி மண்டி போடணும் மாமா. இந்த வேலை உங்க கையாலதான் ஆகணும்" என்றான் லொரென்சோ.

"உங்கப்பன்கிட்டயே பட்டறை இருக்கே."

"அங்க செஞ்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

எலோய்க்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனாலும் சொன்னான்: "உங்கப்பன நாலாயிரத்தோட வரச் சொல்லு. வண்டியத் தொடுறேன்."

"அவரு வரமாட்டாரு மாமா. நான் தர்றேன், மாசம் முந்நூறு."

"நீயா என் விரல எடுத்த? எடுத்தவன் வரட்டும்."

"வரமாட்டாருன்னு சொல்றேன்ல."

"அப்ப வண்டி நின்னுக்கிட்டே இருக்கட்டும்."

பையன் பின்பெட்டியை அடைத்தான். பிறகு "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஞானஸ்நானத்தன்று கார் நின்றுகொண்டேதான் இருந்தது.

செப்டம்பரில் லொரென்சோ ஒரு வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தான். மூன்றாம் நாள் இறந்துபோனான்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செலவுக்குச் சொந்தபந்தமெல்லாம் சாலையோரம் கூடிக் கார் கழுவுவார்கள். இறந்தவனின் படத்தை அட்டையில் ஒட்டித் தூக்கிப் பிடிப்பார்கள். போகிறவன் வருகிறவன் நிறுத்தி, கழுவக் கொடுத்துவிட்டு, முடிந்ததைக் காப்பி டப்பாவில் போட்டுவிட்டுப் போவான். எலோயின் மனைவி ஓர்லிந்தாவும் போய்விட்டு வந்தாள்.

"இருபது டாலர் போட்டேன்" என்றாள். "அந்தக் கைக்குழந்தையையும் வச்சுக்கிட்டு லொரென்சோ பொண்டாட்டி வாளி தூக்குது. பார்க்க முடியல."

எலோய் பச்சை மிளகாய்க் கறியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான், நிமிரவில்லை.

அடக்கம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. மகனின் சவப்பெட்டி தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது அந்தச் சேலஞ்சர் மண்டி போட வேண்டும் என்று பெர்மின் பிடிவாதமாக இருந்தான். அவனுடைய ஆட்கள் இரண்டு நாள் வேலை செய்து காற்றுப் பைகளை மாட்டினார்கள். காற்றைத் திறந்துவிட்டார்கள். மூன்று மூலை இறங்கியது. பின்னால் இடது மூலை மட்டும் இறங்கவில்லை, கம்பத்தடியில் காலைத் தூக்குகிற நாய் மாதிரி நின்றது. இரண்டு பேரைப் பின்பெட்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உட்கார்ந்தால் இறங்கியது, எழுந்தால் அதுவும் எழுந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பெர்மின் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு எலோயின் பட்டறை வாசலுக்கு வந்தான். எழுபது வயது. முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"எலோய்... தம்பி" என்றான்.

"மூணுன்னே கூப்பிடு. அதுதான உனக்கு வாயில வரும்?"

பட்டறை ஆட்கள் மூன்று பேரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்குப்பா. மண்டி போட மாட்டேங்குது. உன்னையத் தவிர யாராலயும்..."

"நாலாயிரம் கொண்டாந்தியா?"

"சவப்பெட்டிக்காரனுக்கே பாக்கி இருக்குப்பா. கார் கழுவுன காசு டப்பாவோட வண்டியில இருக்கு. அத அவனுக்குக் கொண்டுபோகணும்."

"எவ்வளவு இருக்கும்?"

பெர்மின் காரைத் திரும்பிப் பார்த்தான். "நாலாயிரத்துச் சொச்சம்."

"வண்டிய மேல ஏத்துங்கடா" என்றான் எலோய்.

அடியில் போய் நின்றதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஒவ்வொரு இரும்புக் கைக்கும் நுனியில் ஒரு புஷ் ரப்பர் இருக்கும். கார் நிற்கிற நிலையில், பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் அதன் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். பெர்மினின் ஆட்கள் அந்த இடது மூலையில், சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கியிருந்தார்கள். தொங்குகிற நிலையையே ரப்பர் தன் இருப்பாகப் பிடித்துக்கொண்டது. காற்று போனாலும் அது விடாது, திமிறி நிற்கும். அவசரத்தில் எங்கள் தொழில்காரன் செய்கிற தப்பு இது. நாலு மாதத்தில் ரப்பர் கிழிந்தும் போகும். ஆனால் இந்தக் கார் மண்டி போட வேண்டியது நாளைக்கு ஒரு நாள்தான்.

எலோய் போல்ட்டுகளை நெகிழ்த்தினான். காரைக் கட்டைகளின் மேல் சக்கரத்தோடு இறக்கி நிறுத்தினான். ரப்பர்கள் முனகிக்கொண்டு தளர்ந்தன. கீழே படுத்துக்கொண்டு, ஆட்களைத் தொடவிடாமல், ஒவ்வொன்றாகத் தானே முறுக்கினான். நாற்பது நிமிடம். வசந்தத்திலேயே இதைச் செய்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டான்.

எழுந்து வந்து, சட்டைப் பையிலிருந்து மரத்துண்டை எடுத்து நாலு மட்கார்டிலும் விட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே கையை விட்டுக் காற்றைத் திறந்தான். சேலஞ்சர் பெருமூச்சு விட்டு, நாலு மூலையும் ஒன்றாக, தரையில் வயிறு படிய இறங்கியது. ஒரு மூலைகூடப் பிசகவில்லை. சொல்வதற்கென்ன, அந்தப் பள்ளத்தாக்கில் வேறு எந்தக் காரும் அப்படி மண்டி போட்டதில்லை.

பெர்மின் காரின் கூரையில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தான். "லொரென்சோ... மகனே..." என்று உடைந்தான்.

எலோய் சாவியை உருவிக்கொண்டான். "அழுகைய நாளைக்கு வச்சுக்க. இப்பக் காச எடு."

"அடக்கம் முடியட்டும்பா. எங்கம்மா மேல..."

"உங்கம்மா செத்துப் பத்து வருஷமாச்சு. அந்தச் சத்தியத்த சவப்பெட்டிக்காரன்கிட்டப் பண்ணு, அவன் உன்னைய இப்பத்தான பார்க்கிறான், நம்புவான்."

"இல்லேன்னா?"

"மறுபடியும் மேல ஏத்தி, சக்கரத்தத் தொங்கவிட்டு முறுக்கிருவேன். நீ கொண்டாந்த மாதிரியே ஓட்டிக்கிட்டுப் போகலாம்."

ஓர்லிந்தா வீட்டின் பின்வாசலில் வந்து நின்றிருந்தாள். "போதுங்க" என்றாள். "பிள்ளையப் பறிகொடுத்த மனுசன்."

"நீ உள்ள போ."

அவள் போகவில்லை.

பெர்மின் காரிலிருந்து காப்பி டப்பாவை எடுத்துவந்தான். எலோய் வலக்கையை நீட்டி விரித்தான். "இதுல எண்ணி வை. ஒவ்வொண்ணா. சத்தமா எண்ணு, பசங்களுக்கும் கேக்கட்டும்."

இருபதுகளும் பத்துகளும் ஐந்துகளும், நிறைய ஒற்றை டாலர்களும். பாதி இன்னும் சோப்பு நீரில் நமுத்துக்கிடந்தன. பெர்மின் எண்ண ஆரம்பித்தான். நூறு, நூற்றி இருபது. எலோயின் கையில் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. முந்நூறைத் தாண்டியதும் அந்த இடைவெளி வழியாக நோட்டுகள் நழுவி எண்ணெய்த் தரையில் விழுந்தன.

"பொறுக்கு" என்றான் எலோய்.

பெர்மின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கி, மறுபடி வைத்தான். மறுபடி நழுவின. மறுபடி பொறுக்கினான். பட்டறை ஆட்களில் ஒருவன் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆயிரம் ஆனபோது பெர்மின் தன் இடக்கையை எலோயின் கைக்கு அடியில் கொடுத்து, விரல் இல்லாத இடத்தைத் தன் விரல்களால் அடைத்துப் பிடித்துக்கொண்டான். அப்படியே எண்ணினான். ஆயிரங்கள் சேரச் சேர எலோய் இடக்கையால் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வலக்கையை மறுபடி விரித்தான்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது" என்று எண்ணி, ஓர் இருபதை வைத்தான் பெர்மின். "நாலாயிரம்."

"இன்னொரு இருபது வை. இதுல ஒரு இருபது என் வீட்டுக்காரி போட்டது. என் காசையே எனக்குத் தராத."

பெர்மின் அவனை நிமிர்ந்து பார்த்தான். டப்பாவின் அடியில் கையை விட்டுத் துழாவி, ஐந்து, ஐந்து, ஐந்து என்று வைத்தான். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கடைசி ஒற்றை டாலர் டப்பாவின் அடியில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்து, நாலாய் மடிந்திருந்ததைப் பிரித்து, விரிந்திருந்த அந்தக் கையில் வைத்தான்.