முதல் இலக்கத்துக்கே சிவப்பு

“அக்கா, முதல் இலக்கத்துக்கே பிழை எண்டு கத்துது. நான் பிறந்ததே பிழையோ?”

திலகம் என்னோடுதான் சண்டைக்கு நின்றாள். கொழும்பு, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்க வருபவர்களின் விவரங்களைப் பொலிஸ் பதிவுக்காகக் கணினியில் அடிப்பது என் வேலை. எவனோ எழுதிய புரோகிராமுக்கு நாம் ஏச்சு வாங்கும் தொழில், வாங்கியவர்களுக்குத் தெரியும்.

சிவப்பு

திலகம் யாழ்ப்பாணத்துக்காரி. மறுநாள் காலை விசா நேர்முகம், கணவன் கனடாவில். யுத்தகாலம், பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் யாழ்ப்பாணத்தார் கொழும்பு றோட்டில் இறங்க முடியாது. அடையாள அட்டையில் ஒன்பது இலக்கம், கடைசியில் ‘வி’ என்ற எழுத்து. திரையில் அந்த எண்ணை அடிக்கும் பெட்டியோ ஒவ்வொரு தட்டலுக்கும் முழு எண்ணையும் கேட்டது. ஒன்று அடித்தால் சிவப்பு, கீச்சென்று ஒரு சத்தம், அடித்த இலக்கமும் அழிந்துவிடும். புரோகிராமை எழுதிய அன்ரன் என்ற பொடியனைக் கொட்டாஞ்சேனையிலிருந்து வரவழைத்தேன். “பற்றர்ன் சரி அன்ரி, ஒன்பது இலக்கம், பிறகு ஒரு எழுத்து. நீங்கதான் முழுசா அடிக்கேல்லை.”

பச்சை

பத்தையும் ஒரே அமுக்கில் அடிக்க நான் என்ன ஆர்மோனியமா வாசிக்கிறேன்? ஏசினேன். எது வந்தாலும் விடு என்று புரோகிராமைத் தளர்த்திவிட்டான். என் கை தவறி ஏழாம் இலக்கத்தோடு ‘வி’ விழுந்தது. பச்சை! பொலிஸில் துண்டைத் திருப்பிவிட்டார்கள். திலகம் முகம் கறுத்து வந்தாள். “இவ்வளவு நேரமும் பிழை பிடிச்சுது. பிழை வந்தவுடனே வாயை மூடிட்டுது.”

மஞ்சள்

“நாளைக்குச் செய்யிறன்” என்று எழும்பினான் அன்ரன். கதவை மறித்துக் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

“தம்பி, அடிக்கேக்க ஒண்டை மட்டும் பார். இதுவரை வந்தது இப்படியே போனால் சரியா முடியுமா? முடியுமெண்டால் மஞ்சள், பேசாமல் இரு. ஒன்பது இலக்கமும் முடிய முன்னம் எழுத்து வந்தால் சிவப்பு. முழுசா வந்தால் பச்சை. வெறும் பெட்டியும் மஞ்சள்தான், அழிச்சுத் திரும்ப அடிக்கிறவளுக்கும் வழி வேணும்.”

பொழுதுபடுமுன் சரியான துண்டு திலகத்தின் கையில். அன்ரன் செருப்பைத் தேடினான். “அன்ரி, நீங்க ரீச்சரா வந்திருந்தா நான் பள்ளிக்கூடப் பக்கமே போயிருக்க மாட்டன்.”

மறுநாள்

நானும் கூடப் போனேன். வழியில் சோதனைச் சாவடியில் எந்த ஊர் என்று ஆமிக்காரர் கேட்டார்கள். திலகம் “யாழ்ப்...” என்று தொடங்கியதுமே, துண்டைப் பாராமல், “ஓரமா நில்!”

ஒரு பெட்டிக்குப் பொறுமை படிப்பிக்க எனக்கு ஒரு கதிரை போதுமாயிருந்தது, இவர்களுக்கு எத்தனை வேணுமோ. நேர்முக நேரம் நெருங்கியது. தமிழில், சிங்களத்தில், கொன்வென்ட் ஆங்கிலத்தில் கேட்டேன், ஒருவரும் திரும்பவில்லை. மறுபடியும் கேட்டேன்:

“ஐயா, அவ சொல்லி முடிக்கட்டும்.”