புத்து என்றார் டாக்டர்

எனக்கு அம்மை வந்த மாதிரி எங்கள் குப்பத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை. மற்றவர்களுக்கு ஒருமுறை வரும், தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும். எனக்கோ எட்டாம் வகுப்பு படித்த வருஷம் முழுக்க வந்துகொண்டே இருந்தது. கையிலும் தொடையிலும் சிவப்பாகக் கிளம்பும், நடுவில் கறுத்துப் பொருக்குத் தட்டும், சில வாரத்தில் உதிர்ந்து தழும்பாகும். அப்பாடா என்று நிமிர்வதற்குள் அடுத்தது. ஜுரம் மட்டும் கிடையாது. பசி வேறு கொல்லும். அது எழுபதுகளின் தொடக்கம், ஊர் ஊராக ஆள் வந்து அம்மைத் தடுப்பூசி குத்திய காலம். வந்தவர் என் கையைப் பார்த்து, "பெரியம்மை இல்ல, சின்னம்மையா இருக்கும்" என்று போய்விட்டார்.

அம்மை என்றால் வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது. பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற என் நைனா, பிடித்ததை எல்லாம் விற்றுவிட்டு வந்து மோர்ச்சோறு தின்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொன்னேரிப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், "முழுசா எறங்கினப்புறம் வா" என்று என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். முழுசாக இறங்கினால்தானே!

பள்ளிக்கூடம் போகாத என்னைத் தேடி வீட்டுக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. "ஆத்தா உன்ன உட்டுப் போவ மாட்டேன்றா. வாக்கு சொல்லு தாயி, என் பையனுக்கு எப்போ கண்ணாலம்?" என்றாள் ஒருத்தி.

"எனக்குக் கணக்கே வரல, வாக்கு எங்கேர்ந்து வரும்?" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தேங்காயும் குங்குமமும் வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்பிடியே உட்டா இவள கோயில்ல குந்த வெச்சிடுவாங்க. இவ படிக்கணும்யா" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு என்னை ரயிலேற்றி மெட்ராசுக்குக் கூட்டிப்போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் என் கையிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார், பிறகு வரச் சொன்னார். மறுபடி போனபோது, "இது அம்மை இல்லம்மா. ஒரு வகைப் புத்து" என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "புத்தா? எங்க நாகாத்தம்மன் புத்து ஊர் எல்லையிலதான் சார் கீது! ஆடி மாசம் பாலு ஊத்தாம உட்டுட்டோம். இன்னிக்கே ஊத்திடறேன்."

டாக்டர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் புத்து இல்லம்மா, புத்துநோய். ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணு தோல்ல வந்து சேருது. பூதக்கண்ணாடியில பாத்தா மோசமாத்தான் தெரியுது. ஆனா தானா வருது, தானா ஆறுது. பெரும்பாலும் உயிருக்கு ஒண்ணும் வராது. எப்பவாவது யாருக்காவது பெரிய நோயா மாறலாம், அதனால விடாம வந்து காட்டணும். சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம்."

உயிருக்கு வராது என்று அவர் சொன்னது எனக்குள்ளே போகவே இல்லை, புத்துநோய் என்றது மட்டும் போனது. அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஒட்டுமா சார்?"

"ஒட்டவே ஒட்டாது."

"மீன் துண்ணலாமா?"

"தாராளமா."

அம்மா எழுந்துவிட்டாள். பொன்னேரியில் இறங்கியதும் நான் பஸ்ஸுக்குத் திரும்ப, அவள் என் கையைப் பிடித்து நேரே பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னும் கொப்புளம் இருக்கேம்மா" என்றார் தலைமையாசிரியர்.

"அம்மை இல்ல சார், புத்துநோய். ஒட்டாதுன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. ஒரு வருசமா ஒரே பாயில இவள கட்டிக்கினு படுக்கிறேன், பாருங்க." இரண்டு கையையும் அவர் மேஜைமேல் நீட்டினாள். மீன் அரிந்து அரிந்து வெட்டுக்காயம் நிறைந்த கைகள். கொப்புளம் ஒன்றுகூட இல்லை. அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "திங்கட்கிழமை அனுப்புங்க" என்றார்.

வெளியே வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. "அம்மா, நான் செத்துடுவனா?"

அவளுக்கு வந்ததே கோபம். "இன்னாடி பேச்சு இது? சாவப்போறவளுக்கா ஒரு பெரிய மனுசன் எதிர்ல கைய நீட்டிக்கினு நின்னேன்? திங்கக்கெழம பள்ளிக்கூடம். ஊட்டுக்குப் போனதும் பாவாடைய தொவச்சிப் போடு."

துவைத்துப் போட்டேன்.