ஒரு சுற்றுக்கு ஒரு சாண்

பள்ளி வேனில் வரும் பிள்ளைகள் டிரைவர் ஜான்சியை அவள் காதில் விழாதபடி ‘நாப்பது ஆன்ட்டி’ என்பார்கள். அவள் காதிலும் விழத்தான் செய்யும். பள்ளி வேன் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதற்காகவே கவர்னர் என்று ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைப் பூட்டி, சீல் வைத்துத்தான் வண்டியைச் சாலையில் விடுகிறார்கள். கவர்னர் இல்லாத வண்டியைக் கொடுத்தாலும் ஜான்சியின் மீட்டர் முள் நாற்பதைத் தாண்டாது. பின்னால் தண்ணீர் லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டாலும் சரி, ஷேர் ஆட்டோக்காரன் பக்கத்தில் வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போனாலும் சரி, அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமை. இருக்காதா பின்னே? வேறொருவன் ஓட்டிய வேனில் ஆறு வருடம் ஆயாவாக இருந்தவள். ஒவ்வொரு திருப்பத்திலும் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘மாதாவே, மாதாவே’ என்று வேண்டிக்கொண்டே போனவள். இப்படி வேண்டுவதற்கு நாமே ஓட்டிவிடலாம் என்று முப்பத்தைந்து வயதில் எல் போர்டு மாட்டிப் பழகி, லைசென்ஸ் எடுத்து, வாடகை வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜும் வாங்கினாள். ஒன்பது வருடமாக, பெருங்களத்தூரிலிருந்து முடிச்சூர் வழியாக சேலையூர் பள்ளிக்குப் பதினான்கு பிள்ளைகள். ஒரு கீறல் கிடையாது.

அப்படிப்பட்டவள் ஓட்டும் வேன் நாற்பத்தைந்தில் போகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் படம் வந்தது.

போட்டவள் ரேஷ்மா. இரண்டாம் வகுப்பு ஓவியாவின் அம்மா, பெருங்களத்தூர் அடுக்குமாடியில் இருப்பவள். வேன் எங்கே வருகிறது, என்ன வேகத்தில் வருகிறது என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள அந்த மாதம்தான் பள்ளியில் ஒரு ஆப் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து நான்கு நாள், நான்கு படம். எல்லாம் வெளிவட்டச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில். நான்கிலும் நாற்பத்தைந்து. கீழே ஒரு வரி: ‘கவர்னரில் யாராவது கை வைத்திருக்கிறார்களா?’

அந்த ஒரு வரி போதாதா? சாயந்தரத்துக்குள் குழு கொதித்துவிட்டது. பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளர் ஜான்சியைக் கூப்பிட்டார். “நாளைக்கு நாலு மணிக்கு பேரன்ட்ஸ் வராங்க, நீங்களும் வாங்க. கவர்னர்ல கை வெச்சிருந்தா நாங்க ஆர்டிஓவுக்கு எழுதித்தான் ஆகணும். அப்புறம் உங்க பேட்ஜ் எங்க கையில இல்ல.”

ஜான்சிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தொடாததைத் தொட்டாய் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? வேன் சொந்தக்காரர் சம்பத் மட்டும் சிரித்தார். “போன வாரம் அந்த ஆப் நம்ம வண்டிய செம்பாக்கம் ஏரி நடுவுல காட்டுச்சு. வண்டி இன்னா நீச்சல் அடிச்சுதா? அதையே நாளைக்கு சொல்லிடலாம் ஜான்சி. நீ சும்மா நில்லு, நான் பேசிக்கறேன்.”

ஏரிக் கதை உண்மைதான். அதைக் கேட்டு அவளுக்கு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஏரியில் காட்டியது ஒரே ஒரு நாள். இதுவோ நான்கு நாளும் ஒரே எண்.

சனிக்கிழமை விடிந்ததும் காலி வேனை எடுத்துக்கொண்டு அதே சர்வீஸ் ரோட்டுக்குப் போனாள். வேகம் காட்டும் வேறொரு ஆப்பைப் போனில் இறக்கி முன்னால் மாட்டியிருந்தாள். முள் இருபதில் நின்றபோது போன் இருபத்திரண்டு என்றது. முப்பதில் முப்பத்துநான்கு. நாற்பதுக்கு ஏற்றினாள். கவர்னர் வழக்கம்போல அங்கேயே பிடித்துக்கொண்டது. போனில் நாற்பத்தைந்து.

திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நாற்பத்தைந்துதான்.

நேரே மேற்குத் தாம்பரத்தில் ஜலால் பாயின் மீட்டர் கடைக்கு விட்டாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் தொங்கிய ஸ்டெப்னியைப் பார்த்தார்.

“டயர் எப்ப மாத்துன?”

“ஜூன் கடைசில, பாய். ரிம்மோட சேத்து.”

“ஸ்டெப்னி மட்டும் பழைய சைஸா கீது.”

டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி தரையைத் தொடும்வரை வண்டியை நகர்த்தச் சொன்னார். தரையில் டேப் வைத்து அளந்தார். இருநூற்று நான்கு சென்டிமீட்டர். ஸ்டெப்னியை இறக்கி அதே மாதிரி உருட்டினார். நூற்று எண்பத்திரண்டு. இரண்டுக்கும் நடுவில் கிடந்த வெறுந்தரையில் கையை விரித்து வைத்தார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை சரியாக இருந்தது.

“ஒரு சாண். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு சாண் கூடப் போய்க்கினு கீற. மீட்டருக்கு இன்னா கண்ணா கீது ரோட்டப் பாக்க? அது சுத்த எண்ணுது, அவ்ளோதான். பழைய டயர் கணக்குலயே எண்ணிக்கினு கீது. கவர்னருக்கும் அதே ஒயருதான். மீட்டர் ஏமாந்தா அதுவும் ஏமாறும்.”

“அப்ப யாரும் கை வெக்கல!” என்றாள் ஜான்சி. ஒரு நொடி நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே கனத்தது. டயரை மாற்றச் சொன்னது யார்?

அவளேதான். போன ஐப்பசி மழையில் முடிச்சூர் ரோட்டில் தண்ணீர் சைலன்சருக்குள் ஏறி வண்டி நின்றுபோனது. பதினான்கு பிள்ளைகளையும் இடுப்பில் தூக்கி, முழங்கால் தண்ணீரில் ஒவ்வொருவராய்க் கரை சேர்த்தாள். அன்றிலிருந்து சம்பத்தை நச்சரித்தாள். வண்டி இரண்டு விரல் உயர்ந்தாலும் போதும், பெரிய டயர் போடுங்க அண்ணா என்று ஏழு மாதம் விடவில்லை. தொல்லை தாங்காமல்தான் அவர் போட்டார்.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து முன்னால் நின்றது. ஆகஸ்டில் ஒரு காலை, பால் கேன் கட்டிய மொபட்டில் ஒரு பெரியவர் சந்திலிருந்து திரும்பினார். ஜான்சி பிரேக்கில் ஏறி நின்றாள். வண்டி வழுக்கிப் போய், கேனை இடித்துத்தான் நின்றது. பால் ரோடெல்லாம் ஓடியது. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜான்சி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள், “யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?” அவர் நடுங்கிக்கொண்டே, “நீதாம்மா வேகமா வந்த” என்றார். “நாப்பதுய்யா! வந்து பாரு, நாப்பது!” என்று மீட்டரைத் தட்டிக் காட்டினாள். பாவம், அந்த மனுஷன் கேனை நிமிர்த்திக்கொண்டு போனார்.

அவர் சொன்னது சரி. ஜான்சி சாக்பீஸ் கோட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

“இப்பவே சரி பண்ணிக் குடு, பாய்.”

“மீட்டர் ஒயர்ல ஒரு சின்னப் பொட்டி கோத்து, சுத்துக்கு எவ்ளோன்னு ஏத்துனா சரியாப் பூடும். ஆனா அந்த ஒயர்லதான் கவர்னர் சீல் கீது. நான் கை வெச்சா அதான் தப்பு. கவர்னர் கம்பெனி ஆளுதான் வரணும். அவன் எந்த டயரு, எப்பலேர்ந்துன்னு எல்லாத்தையும் ரிப்போர்ட்ல எழுதுவான்.”

சம்பத்துக்குப் போன் செய்தாள். அவர் இப்போது சிரிக்கவில்லை. “ஆர்சில பழைய டயர் சைஸ்தான் கீது. இது வெளிய வந்தா வண்டி நிக்கும், உன் பேட்ஜும் பூடும். ஆப் தப்புன்னு முடிச்சுட்டு, லீவுல பழைய டயர மாட்டிடறேன். வாயத் தொறந்துடாத, ஜான்சி.”

நாலு மணிக்குப் பள்ளி ஹாலில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஜான்சி சுவரோரம் நின்றாள். சம்பத் சொன்னபடியே பேசினார். ஏரி நடுவில் வேன் நிற்கும் படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டினார். ஒரு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இன்னொருவர், “எங்க வீட்டு ஃபுட் டெலிவரியும் இப்படித்தான், பக்கத்துத் தெருவுலயே சுத்தும்” என்றார். ஹாலே இளகிவிட்டது. பொறுப்பாளர் பேனாவை மூடினார். அதோடு முடிந்திருக்கும்.

ஆனால் ரேஷ்மா எழுந்து நேராக ஜான்சியிடம் வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. “சாரி ஜான்சிக்கா. உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன். குரூப்லயும் சாரி போட்டுடறேன்” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சம்பத் அங்கிருந்தே கண்ணைக் காட்டினார். ‘பரவால்லம்மா’ என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல் ஜான்சியின் நாக்கு வரை வந்தது. சரியாகச் சொன்ன மொபட் பெரியவரைத்தான் திட்டி அனுப்பினாள். சரியாகச் சொன்ன இவளை மன்னிப்புக் கேட்கவும் வைப்பதா?

“சாரி கேக்காதீங்க, ஓவியாம்மா. ஆப் கரெக்டாதான் சொல்லுது. என் மீட்டருதான் பொய் சொல்லிக்கினு கீது.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். டயர், சாக்பீஸ் கோடு, ஒரு சாண், கேட்டு வாங்கியது தான்தான் என்பது, பால்காரர். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

ரேஷ்மா கையை விட்டுவிட்டாள். “எத்தனை நாளா?”

“எழுவத்தி ஒரு ஸ்கூல் நாள். எண்ணிட்டுத்தான் வந்தேன்.”

“ஓவியா உங்க பக்கத்து சீட்லதானே உட்காருவா?”

“ஆமாம்மா.”

ரேஷ்மா திரும்பி வெளியே போய்விட்டாள். பொறுப்பாளர் வேன் சாவியைக் கேட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்தார். சம்பத் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியேறினார்.

அடுத்த பதினைந்து நாளும் ஜான்சி வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் தாவீது லேத் பட்டறைக்குக் கிளம்பும்போதெல்லாம், “நீ செஞ்சது தப்பில்ல” என்பான். அவளுக்கு அது காதில் ஏறவே இல்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் டயர் அளவைப் பதிந்தார்கள். சம்பத் அபராதம் கட்டினார். ஜான்சியை எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு பேட்ஜை அவள் கையிலேயே விட்டார்கள். கவர்னர் கம்பெனி ஆள் வந்து பெட்டியைக் கோத்து, சுற்றுக்கு இருநூற்று நான்கு என்று ஏற்றி, புது சீல் வைத்தார். சோதித்து ஓட்டியதில் முள்ளும் நாற்பது, போனும் நாற்பது. வேறு டிரைவர் கிடைக்காததால் சம்பத் சாவியை அவளிடமே கொடுத்தார், முறைத்துக்கொண்டேதான். அதற்குள் ஐந்து வீட்டார் பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ரேஷ்மாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் போன் வந்தது.

“ஜான்சிக்கா, நாளைக்கு வேன் வருதாமே. ஓவியாவுக்கு எப்பவும் போல ஏழு மணிதானே?”

 ஜான்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“இல்லம்மா. ஆறு அம்பதுக்கு. இப்பதான் நெஜமா நாப்பதுல வரப் போறேன். முன்ன மாதிரி ஏழுக்கு எடுத்தா பெல்லுக்குப் போக முடியாது.”

 எதிர்முனையில் ரேஷ்மா பின்னால் திரும்பிச் சத்தம் போடுவது கேட்டது: “ஓவியா, டிவியை ஆஃப் பண்ணு. நாளையிலேருந்து பத்து நிமிஷம் முன்னாடி எழுந்திருக்கணும்.”