மாமா துடைத்த இலைகள்

அந்த மார்கழி முழுக்க என் மாமனாரின் தோளில் கிடந்த துண்டு ஈரமாகவே இருந்தது. சிவப்புக் கட்டம் போட்ட, ஓரம் நைந்த துண்டு. பனியில் பல் கிட்டிக்கிற காலை நேரத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், முதுகுச் சட்டை பாதி நனைந்து அவர் நின்றுகொண்டிருப்பார். நான் செல்போனைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் படம் பிடித்துக்கொண்டிருப்பேன். "ஈரத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்காதீக மாமா, சளி கட்டிக்கிரும்" என்று தினமும் சொல்வேன். "அது கெடக்கட்டும் தாயி, நீ படத்தப் பிடி" என்பார். அந்த ஈரம் எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

குமுளி போகிற ரோட்டை ஒட்டி மாமாவின் பன்னீர் திராட்சைத் தோட்டம். அப்போது ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். லாரி போகப் போக மண் கிளம்பி, பந்தல் மேல் வெண்ணிறமாகப் படிந்துகிடக்கும். மாமாவுக்கு அது பிடிக்காது. கம்பத்திலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து "யாரு தோட்டம்யா இது" என்று கேட்க வேண்டும், அதுதான் அவருக்கு வேண்டிய பாராட்டு. பந்தலுக்குக் கீழே ஒரு காய்ந்த சருகு கிடக்க விடமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற அத்தனை குடும்பப் படங்களிலும் எல்லோரும் முகம் கழுவி, பவுடர் அப்பி, எண்ணெய் வழியத் தலை சீவி விறைப்பாக நிற்பார்கள். போட்டோக்காரர் தயார் என்று சொன்ன பிறகும் மாமா ஓடி வந்து ஒவ்வொரு பிள்ளையின் மூஞ்சியையும் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் விடுவாராம். மூக்கு சிவந்த நிலையிலேயே என் வீட்டுக்காரர் எல்லாப் படத்திலும் இருப்பார்.

நான் கணினி அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்திருந்தேன். பகலில் கல்லூரியில் பாடம், மிச்ச நேரத்தில் ஆய்வு. திராட்சை இலையின் படத்தைக் காட்டினால் அதற்கு அடிச்சாம்பல் நோய் வந்திருக்கிறதா இல்லையா என்று கணினி சொல்ல வேண்டும், அதுதான் தலைப்பு. இலையின் மேலே எண்ணெய் பட்டதுபோல மஞ்சள் புள்ளியும் அடியில் வெள்ளைப் பூப்பும் வருகிற நோய் அது. இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் குலையோடு கொண்டுபோய்விடும். "கம்ப்யூட்டருக்குத் திராட்சை ஊட்டப் போறாளாக்கும்" என்று அத்தை கிண்டலடிப்பாள். கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு எதற்கு இன்னொரு படிப்பு என்று சொந்தக்காரர்கள் வாய் ஓயாமல் கேட்டபோது, "எந் தோட்டத்துல வச்சுப் படிக்கிறா, ஒங்களுக்கு எங்கன வலிக்குது" என்று ஒரே அடியாக அடித்தவர் மாமா. அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே ஓட்டு அது.

படம் எடுக்கிற நாளில் அவர் எனக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விடுவார். நல்ல இலைகளின் காம்பில் வெள்ளை நூலும் நோய் கண்ட இலைகளின் காம்பில் கறுப்பு நூலும் கட்டி வைத்திருப்பார். வேளாண் அதிகாரி ஒருவர் வந்து எல்லாம் சரிதான் என்று பார்த்துச் சொல்வார். நான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வேர்க்க விறுவிறுக்கப் போய்ப் படம் பிடிப்பேன். வெள்ளை நூல் கட்டிய இலைகள் பளபளவென்று இருக்கும். நோய் இல்லாத இலை பளபளப்பாகத்தானே இருக்கும் என்று எனக்கும் தோன்றியது. அப்படியே சில ஆயிரம் படங்கள் சேர்ந்தன.

கணினி அவற்றைக் கற்றுக்கொண்டு சோதனையில் கிட்டத்தட்டத் தப்பே இல்லாமல் சொன்னது. நான் வானத்தில் மிதந்தேன். என் நெறியாளர் அம்மா மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "இவ்வளவு நல்லா வந்தா எனக்குப் பயமா இருக்கும்மா. வேற தோட்டத்து இலைல ஓட்டிப் பாரு" என்றார். அவர் எதையும் லேசில் நம்பாதவர். அந்தச் சந்தேகப் புத்திக்கு அன்று மனசுக்குள் நான் போட்ட வசவை இங்கே எழுத முடியாது. புரட்டாசியில் மார்க்கையன்கோட்டைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின், மண்ரோட்டை ஒட்டிய சிறிய தோட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்து வந்து ஓட்டினேன். எல்லா இலைக்கும் நோய் என்றது கணினி. நன்றாக விரிந்த, ஒரு புள்ளிகூட இல்லாத இலைக்கும் நோய் என்றது. தை பிறந்ததும் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். பல்கலைக்கழகம் தந்த கடைசி நீட்டிப்பு அது. அது போனால் பதிவே ரத்து, அத்தனை வருடப் பாடும் குப்பைக்கு.

கணினி இலையில் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று நிறம் பூசிக் காட்டுகிற வழி ஒன்று உண்டு. நோய்ப் புள்ளியின் மேல் சிவப்பு விழ வேண்டும். எனக்கு இலை முழுக்க விழுந்தது. புள்ளியை அது சட்டையே செய்யவில்லை. படங்களை வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தேன். வெள்ளை நூல் இலைகள் எல்லாம் கழுவி விட்டதுபோல இருந்தன. கறுப்பு நூல் இலைகள் எல்லாவற்றிலும் ரோட்டுப் புழுதி. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், இலை நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரும், அதற்குப் பின்னால் மங்கலாகச் சிவப்புக் கட்டமும் தெரிந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. கோபத்தோடு கணினியைச் சாத்தினேன்.

அன்று சாயங்காலம் மோட்டார் அறை வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார். குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"மாமா, நான் படம் பிடிக்க முன்னாடி இலையத் தொடச்சீகளா?"

"பின்ன? ஊரு ஒலகம் பாக்குற போட்டோன்னு நீதான சொன்ன. அழுக்கு மூஞ்சியோட பிள்ளைய நிப்பாட்டிப் போட்டோ பிடிப்பாகளா?" முகத்தில் பெருமை.

"நோய் வந்த இலைய?"

"அத எப்படித் தொடுறது. தொட்ட துண்ட அடுத்த இலைல வச்சா அதுக்கும் ஒட்டிக்கிராதா? அதுகளத் தொடவே இல்ல."

நான் சொன்னேன். சுத்தமான இலை என்றால் நல்லது, புழுதி இலை என்றால் நோய், இவ்வளவுதான் கணினி கற்றுக்கொண்டிருக்கிறது என்றேன். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அது நோயப் படிக்கல. என் துண்டத்தேன் படிச்சிருக்கு" என்றார்.

மறுபடி எடுக்க வேண்டும் என்றால் நோய் வேண்டும். முழுத் தோட்டத்துக்கும் தவறாமல் மருந்தடிக்கிற மனிதரின் பந்தலில் அவ்வளவு நோய்க்கு எங்கே போவது? போன வருடம் கிடைத்ததே இதே ரோட்டோரத்தில் நாலு பேர் தோட்டத்து ஓரங்களிலும் தேடித் தேடி மாமா கறுப்பு நூல் கட்டி வைத்தது. ஐப்பசி மழை இறங்கியது. பந்தலில் பிஞ்சு மிளகளவுக்கு வந்திருந்த சமயம், அடிச்சாம்பல் வந்தால் தப்பாத சமயம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மருந்து மிஷினோடு அலைந்தார்கள். மாமாவும் அடித்தார். ரோட்டோரத்துத் தெற்குப் பந்தலை மட்டும் விட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "படிப்புக்குத் தோட்டத்தக் காவு குடுக்கிறீகளாப்பா? தெக்க ஆரம்பிச்சா வடக்க வர எவ்வளவு நேரம் ஆகும்?" அத்தை என்னைப் பார்த்த பார்வைக்கு விளக்கம் தேவையில்லை. வேண்டாம் மாமா, நான் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஏத்தா, நீ பேசாத" என்று கையைக் காட்டினார். "தொடச்சது நானு. மருமக எதுக்கு விடணும்?" அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்க விடவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் மேற்கு மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். நோய் வராவிட்டால் எனக்குப் போச்சு, வந்து வடக்கே பரவினால் அவருக்குப் போச்சு. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அத்தை சனிக்கிழமை குச்சனூர்க் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. ஒரு விடிகாலை தெற்குப் பந்தலில் முதல் மஞ்சள் புள்ளி தெரிந்தது. மாமாதான் கூப்பிட்டுக் காட்டினார். இலையைத் தொடாமல், அடியில் குனிந்து பார்த்து, "வந்துருச்சு தாயி" என்றார். நல்ல செய்தி சொல்கிற குரலில் சொல்ல முயன்றார், வரவில்லை. நான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுப் படம் பிடித்தேன். புழுதியோடு, மழைத் தண்ணீரோடு, இருந்தது இருந்தபடி. மழை கழுவினால் எல்லா இலையையும் ஒன்றுபோலக் கழுவும், மாமா மாதிரி ஓரவஞ்சனை பண்ணாது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டத்தில் நிற்பார். அந்தக் கையை அப்படிக் கட்டிப்போட அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதைவிடப் பெரிய பாடு ரோட்டில் இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கிற பந்தல் அது. டீக்கடையில் "என்னய்யா, வயசாயிருச்சா, மருந்தடிக்க மறந்துட்டீகளா" என்று கேட்டார்களாம். ஆமா, மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு வந்தாராம். என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். தெற்குப் பந்தலில் பிஞ்சு முழுக்கச் சுருங்கிப் பழுப்பாகி உதிர்ந்தது. வேண்டிய படம் கிடைத்த அன்றே மாமா அங்கும் மருந்தடித்தார், ஆனால் காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சமில்லை. வடக்கே பரவாமல் நின்றது மட்டும் புண்ணியம்.

புதிய படங்களில் கணினி முன்னைப்போலச் சமர்த்தாக இல்லை. நிறையத் தப்பு விட்டது. ஆனால் மார்க்கையன்கோட்டை இலைகளையும் ஓரளவு சரியாகச் சொன்னது, சிவப்பும் புள்ளியின் மேல் விழுந்தது. முதல் முயற்சி ஏன் தோற்றது என்று ஒரு தனி அத்தியாயம் எழுதினேன். தையில் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று தெரிந்ததும் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பேச்சிலேயே முள் வைத்திருப்பவர். அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார். "யாரோ இலையைத் துடைச்சிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. யார் அந்த ஆளு? இவ்வளவு பொறுப்பில்லாத ஆளை எப்படி வேலைக்கு வச்சீங்க?" என்றார். அவரைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை, யாரோ ஒரு ஆள் என்று விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"நாந்தேன்யா தொடச்சது" என்றார் மாமா. "புள்ள மேல தப்பில்ல. போட்டோ பிடிக்கப் போறாளேன்னு தொடச்சுட்டேன்."

தேர்வாளர் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த அத்தியாயத்தை விட்டிருந்தா ஆய்வேடு இன்னும் எடுப்பா இருந்திருக்குமே. ஏன் விடலை?"

"விட்டிருந்தா எங்க தெக்குப் பந்தல் எதுக்குப் போச்சுன்னே யாருக்கும் தெரியாமப் போயிருக்கும் சார்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அன்று மதியமே பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார்கள்.

அடுத்த காய்ப்பில், புதுச் செல்போனோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். தெற்குப் பந்தலுக்கு அடியிலிருந்து மாமா குனிந்து வெளியே வந்தார். நெற்றியெல்லாம் புழுதி, மீசையில் மருந்துச் சாரல் நீலமாகக் காய்ந்திருந்தது, முடியில் ஒரு சருகு. நான் செல்போனைத் தூக்கினேன். அவர் கை தன்னால் தோளுக்குப் போனது.

"தொடைக்காதீக மாமா. அப்படியே நில்லுங்க."

துண்டு பாதி வழியில் நின்றது. "இதுவும் ஒன் டேட்டாவுக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எடுத்தேன்.

அவர் போன பிறகு கூடத்தில் மாட்ட அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கினோம். அத்தைதான் அதை எடுத்துக் கொடுத்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள், வேறு நல்ல படமே இல்லையா, மூஞ்சியைக் கழுவிவிட்டாவது எடுத்திருக்கக் கூடாதா என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். பவுடர் பூசிய அத்தனை முகங்களுக்கும் நடுவே அவர் ஒருவர்தான் புழுதியோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். ரோடு போட்டு முடித்துவிட்டாலும் லாரிகள் நிற்கவில்லை, படத்துக் கண்ணாடியில் தூசி படிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆணியில் தொங்குகிற சிவப்புக் கட்டத் துண்டை எடுத்து, ஒரு நுனியை நனைத்துப் பிழிந்து, வாரத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைத் துடைக்கிறேன். கண்ணாடி தெளிந்ததும் அவர் நெற்றிப் புழுதி இன்னும் நன்றாகத் தெரிகிறது.