தலையிடாதவர்களின் பூட்ஸ்

ஆம்பூர் ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்குக் காத்திருக்கிறேன். பிளாட்பாரம் முழுக்கப் பதனிட்ட தோல் கட்டுகள். நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்திரிகை படிக்கிறேன். கட்டுகளை ஏற்றிவிட வந்திருக்கும் தோல் ஷாப் மேஸ்திரி கபூர் பாய், "இன்னா சேதி சார்?" என்கிறார்.

"ஸ்பெயின் தேசத்து ஜனங்க ரெண்டா பிரிஞ்சு சண்டை போடுறாங்க. நாங்க தலையிட மாட்டோம்னு ஜெர்மனி, இத்தாலி, ருஷ்யா எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்காங்களாம்."

"ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் பட்டாளத்து பூட்ஸுக்குன்னு தோலு ஜாஸ்தி கேக்குறாங்களே. எங்க ஆளுங்க ரெண்டு வாரமா வீட்டுக்கே போகல. அந்த தேசத்துலயும் சண்டையா?"

"அங்கே சண்டை இல்லை பாய்."

அவர் தாடியைத் தடவியபடி கட்டுகளையே பார்க்கிறார்.

"ஸ்பெயின்ல எப்போதான் சண்டை முடியுமோ" என்கிறேன்.

"தலையிடாதவங்க எல்லாம் ஊருக்குத் திரும்பிட்டா முடிஞ்சிடும் சார்."